சாவிக்காரனை விடாதே

சத்தக்காவின் தொழில் கத்துவது. இதைச் சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். எங்கள் வீட்டில் அது சும்மாவே நடக்கிறதே, அதற்குப் போய் ஒரு ஆளா என்கிறார்கள். டப்பிங் ஸ்டூடியோவுக்குள் போய்ப் பார்த்தால் அல்லவா தெரியும்! வேறு மொழியில் எடுத்த தொடரை நம் மொழிக்கு மாற்றும்போது நாயகனுக்கு ஒரு குரல், வில்லனுக்கு ஒரு குரல் என்று தேடிப் பிடித்துவிடுவார்கள். ஆனால் சந்தை இரைச்சலுக்கு யார்? பஸ் கவிழ்ந்தால் அலறுவது யார்? வெள்ளம் வந்தால் பிள்ளையைக் காணோம் என்று ஓலமிடுவது யார்? சத்தக்காவைப் போல ஏழெட்டுப் பேர்தான். ஒரு மைக்கைச் சுற்றி வட்டமாக நின்று, ஊரே திரண்டுவிட்டது போல் காட்டவேண்டும். அவள் எத்தனையோ முறை மூழ்கியிருக்கிறாள், எரிந்திருக்கிறாள், கட்டடம் சரிந்து நசுங்கியிருக்கிறாள். அத்தனைக்கும் பிறகு வீட்டுக்கு வந்து துணி ஊறவைத்திருக்கிறாள்.

இளம் வயதில் நாயகிக்குக் குரல் கொடுக்கத்தான் வந்தாள். குரலில் கரகரப்பு இருக்கிறது, கொஞ்ச நாள் கூட்டத்தில் நில்லு என்றார்கள். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. தலைமுடியில் நரை விழுந்த பிறகும் அந்த வருத்தம் அவளை விட்டுப் போகவில்லை. கூட்டத்துக் குரலுக்குப் பெயரும் போடமாட்டார்கள், தனியாகக் கேட்கவும் விடமாட்டார்கள். கூட்டத்தை நடத்தும் பெரியவரை எல்லாரும் மேஸ்திரி என்பார்கள். அவர் சொல்வது இதுதான்.

"தனியா கேட்டா அது தப்பு. கூட்டம்னா கூட்டமாத்தான் கேக்கணும். பேரு சொல்லாதீங்க. வீட்டு வார்த்தையெல்லாம் செருப்போட வாசல்ல விட்டுட்டு வாங்க. அது உள்ள வந்தா துருத்திக்கிட்டு நிக்கும்."

இன்னொன்றும் சொல்வார். எவ்வளவு பெரிய கூட்டமானாலும் எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில்தான் மூச்சு வாங்குவார்கள். அந்தச் சின்ன இடைவெளியில் வாயைத் திறந்தவள் மாட்டிக்கொண்டாள். அவள் குரல் மட்டும் தெருக்கோடி வரை கேட்கும்.

அப்படி எதுவும் மாட்டாமலே அவள் குரலைக் கண்டுபிடிக்கிற ஆள் உலகத்தில் ஒருவர்தான், அவள் கணவர். ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் காவலாளி. இடுப்பில் பெரிய சாவிக்கொத்து தொங்கும். அவர் படியேறும்போதே சத்தம் கேட்கும், அடுப்பில் டீ ஏறும். வீட்டில் அவள் அவரைக் கூப்பிடுவதே "சாவிக்காரரே" என்றுதான். அவள் கத்திய தொடர் டிவியில் வந்தால் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு முன்னால் உட்காருவார். கதை யாருக்கு வேண்டும்? கூட்டம் வந்ததும் தலையைச் சாய்ப்பார், ஆட்காட்டி விரலை உயர்த்துவார்.

"இது நீ."

பெரும்பாலும் சரியாக இருக்கும். ஒருமுறை ஒரு ரயில் நிலையக் காட்சியில் அவளுடைய தும்மலையே கண்டுபிடித்தார். அன்று அவளுக்கு வந்த சந்தோஷம் பட்டம் வாங்கியவர்களுக்குக் கூட வந்திருக்காது.

அந்தச் சமயத்தில்தான் "முகமிலி" என்று ஒரு தொடர் வந்தது. ஊரையே பிடித்து ஆட்டியது. பறக்கிற, மின்னுகிற நாயகன் இல்லை. கரி பூசிய முகமூடி, கிழிந்த கோட்டு, யாரோடும் பேசமாட்டான். சட்டமும் போலீசும் கைவிட்ட இடத்துக்கு வருவான், அடிப்பான், போவான். வாரம் ஒரு அநியாயம். போலி மருந்து ஒரு வாரம், ஆற்றில் கலந்த சாயக்கழிவு ஒரு வாரம். மாடி வீட்டு டீச்சர் "இதைப் பாத்தா பிள்ளைங்க கெட்டுப்போகும்" என்று வாராவாரம் சொல்வார். வாராவாரம் சத்தக்கா வீட்டில் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் சொல்வார். சத்தக்காவின் நாத்தனாருக்கோ முகமிலி என்றால் உயிர். அவளும் அண்ணன் வேலை பார்க்கும் அதே தொழிற்சாலையில் தையல் மெஷினில் உட்காருகிறவள். இரண்டு தெரு தள்ளி வீடு இருந்தும், தொடர் வரும் மாலையில் அண்ணன் வீட்டில்தான் இருப்பாள்.

ஒரு வாரத்துக் கதை தையல் தொழிற்சாலைத் தீ. ஸ்டூடியோவில் படத்தை ஓட்டினார்கள். உள்ளே பெண்கள், புகை, கம்பி ஜன்னலில் உள்ளங்கைகள். பின்கதவு பூட்டியிருக்கிறது. வெளியே ஜனங்கள் காவலாளியைப் பிடித்துவிட்டார்கள். அவன் இடுப்பில் சாவிக்கொத்து. முகமிலி அவனைச் சட்டையோடு சேர்த்துத் தூக்குகிறான், கூட்டம் கொந்தளிக்கிறது. கூட்டத்துக்கு எழுதிய வசனம் எதுவும் இல்லை. மேஸ்திரி கையைத் தேய்த்தார்.

"ஆளுக்கு ஒண்ணு எடுத்து விடுங்க. கோபம் வேணும். நடிப்புக் கோபம் வேண்டாம்."

சத்தக்கா அந்த உள்ளங்கைகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எல்லாரும் கத்தினார்கள், அவளும் கத்தினாள். கத்திக்கொண்டே இருந்தவளுக்கு, படத்தில் அந்தச் சாவிக்கொத்து ஆடியதும் வாயில் என்ன இருந்ததோ அது வந்தது.

"சாவிக்காரனை விடாதே!"

சரியாக மற்றவர்கள் மூச்சு வாங்கிய நேரம். மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். இத்தனை வருஷ அனுபவத்துக்கு இது அழகா, இன்னொரு தடவை எடுக்கலாம் என்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சவுண்ட் இன்ஜினியர் குறுக்கிட்டார்.

"வேண்டாம் சார், இது இருக்கட்டும். புல்லரிக்குதுக்கா. இதோட சத்தத்தை இன்னும் தூக்கி வைக்கிறேன்."

புல்லரிக்குது என்று அவளைப் பார்த்து யாரும் சொன்னதில்லை. பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது கால் தரையில் பாவவில்லை. வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. அவராகக் கண்டுபிடிக்கட்டும் என்று இருந்தாள். இந்த முறை தேடவே வேண்டாமே, தானாக வந்து காதில் விழுமே!

அந்த மாலை வந்தது. நாற்காலியில் அவர், தரையில் நாத்தனார், சோபாவில் டீச்சர். சத்தக்கா டிவியைப் பார்க்கவில்லை. அவர் வலதுகை விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தீ பிடித்தது, கைகள் தெரிந்தன, காவலாளி அகப்பட்டான். குரல் வந்தது. கணீரென்று வந்தது.

"சாவிக்காரனை விடாதே!"

டீச்சர்தான் முதலில் சிரித்தார். "சார், உங்களைத்தான் தேடுறாங்க. ஜாக்கிரதை!" நாத்தனாரும் கைதட்டிச் சிரித்தாள். அவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. விரல் முழங்காலை விட்டு எழவில்லை. இடுப்புச் சாவிக்கொத்தை மெல்ல இழுத்துச் சட்டைக்குள் விட்டுக்கொண்டார்.

அப்போதுதான் சத்தக்காவுக்கு உறைத்தது. அடிப்பாவி, யாரைச் சொல்லியிருக்கிறாய்? அந்த வார்த்தை எந்த வீட்டு வார்த்தை? ஸ்டூடியோவில் அது தோன்றவே இல்லை. படத்தில் இருந்தவனையும் தன் வீட்டு நாற்காலியில் இருப்பவரையும் அவள் சேர்த்து நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. ஒருவேளை அவர் அடையாளம் கண்டிருக்கமாட்டார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தும்மலைக் கண்டுபிடித்த மனிதர்!

தொடர் முடிந்ததும் நாத்தனார் துள்ளினாள். "செம அண்ணி! அந்த ஆளுக்கு அதுதான் வேணும்."

"உங்க ஃபேக்டரில பின்கதவு திறந்திருக்குமா?" சத்தக்கா வாய் தவறிக் கேட்டுவிட்டாள்.

"பூட்டித்தான் இருக்கும். எப்பவும் பூட்டித்தான்..." நாத்தனார் பாதியில் நிறுத்தினாள். தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போன அண்ணனின் முதுகைப் பார்த்தாள். பிறகு செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அந்த ஒரு வரி ஊரெல்லாம் ஓடியது. போனைத் திறந்தால் அது, ஆட்டோவில் ஏறினால் அது. கடைக்காரர் ஷட்டரை இறக்கும்போது தெருவில் போகிறவன் கத்திவிட்டு ஓடுகிறான். முடிதிருத்தும் கடையில், அந்தக் காவலாளியைக் கொன்றிருக்கவேண்டும் என்று ஒரு கட்சி, காலை மட்டும் ஒடித்தால் போதும் என்று இன்னொரு கட்சி. பூட்டச் சொன்னவனைப் பற்றி ஒரு கட்சியும் இல்லை. அடுத்த வாரம் முகமிலி தொழிற்சாலை முதலாளியின் வீட்டுக்குப் போனான். அங்கே வக்கீல்கள், பேச்சு, கையெழுத்து. அடி இல்லை. இந்த வாரம் சப்பென்று இருந்தது என்று ஊர் உதட்டைப் பிதுக்கியது. பூட்டியவன் அடிவாங்கினால் கைதட்டல், பூட்டச் சொன்னவன் வந்தால் எழுந்துபோய் டீ போடுவார்கள். இவர்களுக்காகத்தான் முகமிலி உயிரைக் கொடுத்துச் சண்டை போடுகிறானாம்!

தொழிற்சாலையில் கேட்கவே வேண்டாம். சாப்பாட்டு நேரத்தில் அவர் வராந்தாவில் நடந்தால் பின்னால் எங்கிருந்தோ அந்த வரி வரும், சிரிப்பு வரும். பின்கதவில் அதையே சாக்பீஸால் எழுதியும் வைத்துவிட்டார்கள். நாத்தனாரே ஒரு நாள் சமையலறையில் வந்து நின்று அழுதாள்.

"எல்லாரும் கத்துறாங்கன்னு நானும் ஒரு தடவை சேர்ந்து கத்திட்டேன் அண்ணி. அண்ணன் திரும்பி என்னைப் பாத்தாரு. ஒண்ணும் சொல்லல. அதான் தாங்கல."

சத்தக்கா என்ன ஆறுதல் சொல்வாள்? முதலில் கத்தியவளே அவள்தானே. அதைச் சொல்லாமல் தண்ணீர்ச் செம்பை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

அவர் சாவிக்கொத்தைக் கைக்குட்டையில் சுற்றிப் பேண்ட் பைக்குள் போட ஆரம்பித்தார். வீட்டில் அந்தச் சத்தம் நின்றுபோனது. திடீரென்று சமையலறை வாசலில் வந்து நிற்பார், அவளுக்குத் தூக்கிவாரிப் போடும். டிவி முன்னால் உட்காருவதும் நின்றது. அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாத்திரத்தைக் கழுவினதையே மறுபடி கழுவினாள். ஸ்டூடியோவில் கல்யாணக் கூட்டத்துக்குச் சிரிக்கச் சொன்னால் சிரிப்பு இருமலாக வந்தது. "உடம்பு சரியில்லையா?" என்று மேஸ்திரியே கேட்டார்.

ஒரு காலையில் அவர் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டாள்.

"அந்தப் பின்கதவை நிஜமாவே பூட்டுறீங்களா?"

"பூட்டச் சொன்னா பூட்டணும். தைச்ச பீஸைத் திருடி வெளிய கொண்டு போறாங்களாம்."

"உங்க தங்கச்சி உள்ள உட்கார்ந்திருக்கா."

"எனக்குத் தெரியாதா?" கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "அவ வரிசையில இருந்து அந்தக் கதவுக்கு எப்படி வரணும், நடுவுல எத்தனை துணிக்கட்டு அடுக்கியிருக்காங்க, எல்லாம் எனக்குத் தெரியும். அதனாலதான் சும்மா சும்மா போய் அந்தக் கதவுகிட்டயே நிக்கிறேன். ஏதாவது ஒண்ணு ஆனா உடனே திறக்கணும்னு சாவியைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். இதை யாரும் படமா எடுக்கல."

"மேனேஜர்கிட்ட சொல்லக் கூடாதா?"

"சொல்லாமலா இருப்பேன்? திறந்து வைக்கலாம் சார்னு சொன்னேன். மறுபடியும் போய்ச் சொன்னேன். இஷ்டம் இல்லன்னா வேற ஆள் பாத்துக்கிறேன்னாரு. அந்த வேற ஆளு கதவுகிட்ட வந்து நிப்பானா? சொல்லு."

அவர் எழுந்து கதவு வரை போனார். திரும்பாமலே பேசினார்.

"அன்னிக்கு நல்லா கத்தினே. தனியா கேட்டுச்சு."

படியில் சத்தமே இல்லாமல் இறங்கிப் போய்விட்டார். சத்தக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். முதல் நொடியிலேயே தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும் தெரிந்தே, அவள் போட்ட டீயைக் குடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். அழுகை வந்தது, அழுதாள். முகத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் அவருடைய சாப்பாட்டுப் பை மேஜை மேலேயே இருந்தது. மேஸ்திரிக்குப் போன் செய்து இன்று வரமுடியாது என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

பஸ் ஊர்ந்தது. என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று வழி முழுக்க ஒத்திகை பார்த்தாள். ஊருக்கே வசனம் பேசுகிறவளுக்குச் சொந்தமாக ஒரு வரி அமையவில்லை. தொழிற்சாலை வாசலில் இறங்கினால் கேட்டில் ஆளில்லை. உள்ளே முற்றத்தில் ஒரே கூட்டம். தையல் வரிசைப் பெண்கள், அயர்ன் போடுகிறவர்கள், கட்டிங் ஆட்கள் எல்லாரும் வேலையை விட்டு வெளியே நின்றார்கள். யாரோ பூட்டிய கதவையும் சாக்பீஸ் எழுத்தையும் போனில் படமெடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டார்களாம். துணி வாங்கும் கம்பெனிகளில் இருந்து கேள்வி வந்துவிட்டதாம். பக்கத்தில் நின்ற ஒரு பெண் ஆசை ஆசையாக விவரம் சொன்னாள்.

படிக்கட்டின் மேல் மேனேஜர் நின்றார். ஒரு படி கீழே அவள் கணவர். கைக்குட்டையைப் பிரித்துச் சாவிக்கொத்தைக் கையில் வைத்திருந்தார்.

"பின்கதவைப் பூட்டினது காவலாளியோட சொந்த முடிவு," என்று மேனேஜர் உரக்கச் சொன்னார். "நிர்வாகத்துக்கு எதுவும் தெரியாது. அவரு இன்னியில இருந்து இங்க வேலையில இல்ல."

கூட்டத்துக்கு அது போதுமானதாக இருந்தது. அவர்களுக்கு மேனேஜர் உருவில் ஒரு முகமிலி கிடைத்துவிட்டான், ஒரு காவலாளியும் கிடைத்துவிட்டான். யாரோ ஆரம்பித்தார்கள், எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள்.

"சாவிக்காரனை விடாதே! சாவிக்காரனை விடாதே!"

சிலருக்கு நிஜக் கோபம், அதில் நியாயமும் இருந்தது; உள்ளே உட்காருகிறவர்கள் அவர்கள். சிலருக்கு வெறும் வேடிக்கை. எல்லார் வாயிலும் வந்தது அவள் வார்த்தை. இழுத்த இழுப்பு, கடைசி எழுத்தில் விட்ட உறுமல் வரைக்கும் அப்படியே அவளுடையது. நாத்தனார் ஓரத்தில் தலையைக் குனிந்து நின்றாள். கத்தவும் இல்லை, தடுக்கவும் இல்லை. அவரோ யாரையும் பார்க்காமல் சாவிக்கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தக்காவுக்குத் திரும்பி ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனால் காது அதன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. ஏறுகிறது, ஏறுகிறது, இதோ தளர்கிறது, இதோ மூச்சு வாங்கப் போகிறார்கள்.

அந்த இடைவெளியில் வயிற்றிலிருந்து எடுத்து விட்டாள்.

"பூட்டச் சொன்னது யாரு?"

முற்றம் முழுக்கத் திரும்பியது. அவளுக்கு இப்படிப் பழக்கமில்லை. சுற்றி ஏழெட்டுப் பேர் இல்லாமல், இருட்டு ஸ்டூடியோ இல்லாமல், வெயிலில் முகம் தெரிய அவள் ஒருநாளும் கத்தியதில்லை.

"யாரும்மா நீ?" மேனேஜர் அதட்டினார். "கேட்டுக்குள்ள எப்படி வந்தே?"

கேட்டைக் காக்கிற ஆளைத்தான் படியில் நிறுத்தி வைத்திருக்கிறாரே, பிறகு யார் தடுப்பார்கள்!

"சாவிக்காரரோட பொண்டாட்டி," என்றாள். குரல் கொஞ்சம் உடைந்தது, அதனால் என்ன. "நீங்க எல்லாரும் கத்துறீங்களே, அது என் குரல்தான். டிவியில கத்தினது நான்தான். எனக்கு அன்னிக்குக் கேக்கத் தெரியல, இப்ப கேக்கறேன். பூட்டச் சொன்னது யாரு? திறந்து வைக்கலாம்னு இவரு வந்து கேட்டப்போ, வேற ஆள் பாத்துக்கிறேன்னு சொன்னது யாரு?"

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எல்லாரும் உள்ளே போங்க என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஓரத்திலிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது.

"சொல்லுங்க சார். யாரு?"

நாத்தனார்தான். முகம் சிவந்திருந்தது, ஆனால் தலை நிமிர்ந்திருந்தது. பக்கத்தில் நின்றவள் அதைப் பிடித்தாள். "ஆமா, யாரு சொன்னது?" அடுத்த வரிசை பிடித்தது. கட்டிங் ஆட்கள் பிடித்தார்கள். கொஞ்ச நேரத்துக்கு முன் அந்த வரியைக் கத்திய அதே தொண்டைகள் இப்போது இந்த வரியைக் கத்தின. மேனேஜர் ஒரு படி பின்னால் ஏறினார். சத்தக்காவுக்கு இதில் முழு நிம்மதி இல்லை. இவ்வளவு சீக்கிரம் இந்தப் பக்கம் திரும்பியவர்கள் நாளை எந்தப் பக்கம் திரும்புவார்களோ! கூட்டத்தை அவளுக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்குத் தெரியும்? வேலை போனது போனதுதானா, இல்லை மிஞ்சுமா என்றும் தெரியவில்லை. இருந்தும் கத்தினாள். எல்லாரோடும் சேர்ந்து, யார் குரல் எது என்று தெரியாதபடி கத்தினாள்.

அவர் படியிலிருந்து இறங்கினார். கூட்டம் வழிவிட்டது. நேராகப் பின்கதவுக்குப் போய், கொத்தில் தேடாமலே சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார். கதவை முழுக்கத் தள்ளி, மறுபடி சாத்தாதபடி பக்கத்தில் கிடந்த ஒரு துணிக்கட்டை இழுத்து முட்டுக்கொடுத்தார். பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி நின்றார்.

இவ்வளவு இரைச்சலில் அவள் எங்கே நிற்கிறாள் என்று அவருக்குத் தெரிய வழியில்லை. முன்னால் உயரமான ஆட்கள் மறைத்திருந்தார்கள். அவர் கண்ணால் தேடவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்தார், கேட்டார். பிறகு சரியாக அவள் நின்ற திசையைப் பார்த்து ஆட்காட்டி விரலை உயர்த்தினார்.